கயிறு மாறிய பின்: குதிரை வணிகமும் குறை கூறும் கடமையும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிக்குத் தென்கிழக்கே அமைந்துள்ள ஆவுடையார்கோயில், திருப்பெருந்துறை எனும் பழம்பெயரால் சைவ இலக்கியத்தில் புகழ்பெற்றது. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பொன்னுடன் புறப்பட்ட அமைச்சர் வாதவூரர், இவ்வூரில் ஞானம் பெற்று மாணிக்கவாசகரானார் என்பது சைவ மரபு. கீழைக் கடற்கரைத் துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய செய்தியே அப்பயணத்திற்குக் காரணமாயிற்று என அம்மரபு கூறும். இவ்வூருக்குக் கிழக்கே மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் என நம் சமுதாயத்தார் வாழும் கடற்கரை ஊர்கள் வரிசையாக உள்ளன.

அரபுக் குதிரை வணிகத்தைப் பற்றி நம்மவர் பெருமிதத்தோடு எழுதியவை பல. ஆனால் ஒரு வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அக்காலத்தின் மிக விலையுயர்ந்த ஊர்தியான குதிரையை வாங்கியவனுக்கு என்ன பாதுகாப்பு இருந்தது? வாங்கிய குதிரை நோயுற்றதாக இருந்தால் இழப்பு யாரைச் சேர்ந்தது? இவ்வினாவைச் சான்றுகளோடும் ஃபிக்ஹுச் சட்டத்தோடும் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கயிறு மாற்றும் வழக்கம்

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், குதிரை வணிகராக வந்த இறைவன் மன்னனிடம் குதிரைகளைக் கயிறு மாற்றிக் கொடுக்கும் காட்சி இடம்பெறுகிறது. இரவில் அவை நரிகளாகிவிட, மன்னன் தண்டித்தது குதிரை வாங்கச் சென்ற அமைச்சரையே. இதன் சமய உட்பொருளை விளக்குவது நம் பணியன்று. ஆயினும் புராண ஆசிரியர் தம் காலத்து வணிக வழக்கையே கதைக்குள் அமைத்திருக்கிறார் எனக் கொள்ளலாம். கால்நடையின் கயிறு வாங்குபவர் கைக்கு மாறியதும் விற்பனை முடிந்தது. அதன்பின் நேர்வதற்கு விற்றவர் பொறுப்பல்லர் என்பதே அவ்வழக்கின் கருத்து. மாட்டுச் சந்தைகளில் கயிறு மாற்றுவது நம் நாட்டுப்புறத்தில் இன்றும் அறியப்பட்டதே.

இரு வெளிநாட்டார் சான்றுகள்

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, மஅபர் மன்னர் ஆண்டுதோறும் 2000-க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்கினார் என்றும், அவர் உடன்பிறந்தோரும் அவ்வாறே வாங்கினர் என்றும் எழுதுகிறார். ஹுர்முஸ், கீஷ், ளுஃபார், ஷிஹ்ர், அதன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகள் வந்தன. ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கும் அதிகம். எனினும் ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தோர் இந்நாட்டில் இல்லாமையே காரணம் எனக் கூறும் அவர், ஒரு கடுமையான குற்றச்சாட்டையும் சேர்க்கிறார்: குதிரைகள் விரைவில் மடிந்தால்தான் விற்பனை தொடரும் என்பதற்காக, குதிரை வைத்தியர்கள் இங்கு வராதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டனராம்.

14-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒப்பந்தத்தின் விவரங்களைத் தருகிறார். கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் இப்ராஹீம் தீபீ ஆண்டுக்கு 1400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப வேண்டும். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். கடற்பயணத்தில் குதிரை காயமுற்றாலும் இறந்தாலும் அதன் விலையை அரச கருவூலம் செலுத்திவிடும். ஃபார்ஸ் நாட்டை 1226 முதல் 1260 வரை ஆண்ட அத்தாபக் அபூபக்கரின் காலத்தில், மஅபர், கம்பாயத்து முதலிய துறைகளுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் மதிப்பு 22 லட்சம் தீனார் என்றும் அவர் குறிக்கிறார். குதிரைகள் மடிந்ததற்கு இந்நாட்டுத் தட்பவெப்பத்தையும், வறுத்த தானியம், நெய், காய்ச்சிய பால் ஆகிய பொருந்தா உணவையும் அவர் காரணம் காட்டுகிறார். வணிகர் சூழ்ச்சியை அவர் கூறவில்லை.

மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், காயல் உள்ளிட்ட துறைகள் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் தீபீயின் பொறுப்பில் இருந்தன. அவர் பாண்டியனின் அமைச்சர். குதிரை அனுப்பிய ஜமாலுத்தீனின் உடன்பிறந்தவர். வாங்குபவரின் அமைச்சரும் விற்பவரும் ஒரே குடும்பத்தார். பிற சமயத்து அரசரின் நம்பிக்கைக்கு இது சான்று என நாம் மகிழ்வது இயல்பு. ஆனால் வழியில் இறந்த குதிரைக்கும் வாங்குபவரே விலை தரும் நிபந்தனையை இதனோடு சேர்த்துப் பார்க்கையில், ஆய்வாளர் ஐயுறுவதற்கும் இடமுண்டு.

ஃபிக்ஹின் அளவுகோல்

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை எடுத்துக் கூறினால் அவர்களின் வணிகத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய் பேசினால் அது அழிக்கப்படும் எனும் கருத்தமைந்த நபிமொழியை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார். ஒட்டகம், ஆடு ஆகியவற்றின் மடியைக் கட்டிப் பால் மிகுதியாகத் தோன்றச் செய்து விற்றால், வாங்கியவர் கறந்து பார்த்தபின் திருப்பித் தரும் உரிமை உடையவர் என்றும் பெருமானார் (ஸல்) தீர்ப்பளித்துள்ளார்கள். பொருளின் தோற்றத்தால் ஏமாற்றுவதும் மோசடியே என்பது இதனால் விளங்கும்.

கலீஃபா உமர் (ரலி) ஒருவரிடம் குதிரையை விலைபேசி, சோதிக்க ஏறிச் செலுத்தியபோது அது ஊனமுற்றது. உரிமையாளர் திரும்பப் பெற மறுத்தார். நடுவராக அமைந்த ஷுரைஹ், வாங்கியதை வைத்துக்கொள்ளுங்கள்; இல்லையேல் பெற்ற நிலையிலேயே திருப்பித் தாருங்கள் எனக் கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். அவரையே கூஃபாவின் காழியாக உமர் (ரலி) நியமித்தார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. விற்பவருக்கும் உரிமை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

இனி, கயிறு மாறியபின் பொறுப்பில்லை என்னும் நிபந்தனையைக் கவனிப்போம். ஃபிக்ஹு நூல்கள் இதனைக் குறைகளிலிருந்து நீங்கிக்கொள்ளும் நிபந்தனை என்று தனியே ஆராய்கின்றன. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) ஓர் அடிமையை 800 திர்ஹத்திற்கு இந்நிபந்தனையோடு விற்றார்கள். அவனிடம் நோய் இருப்பதாக வாங்கியவர் முறையிட்டார். நோயை அறிந்திருக்கவில்லை எனச் சத்தியம் செய்யுமாறு கலீஃபா உஸ்மான் (ரலி) கூறினார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து அவனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

இதனை ஆதாரமாகக் கொண்ட ஷாஃபிஈ மத்ஹபின் தெளிவான கருத்து: உயிரினத்தில், விற்றவர் அறியாத உள்குறைக்கு மட்டுமே இந்நிபந்தனை செல்லும், அறிந்து மறைத்த குறைக்குச் செல்லாது. உயிரினம் நலத்திலும் நோயிலும் உண்ணும். அதன் இயல்பு மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே உள்குறை விற்பவருக்கே தெரியாதிருக்கலாம் என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) கூறும் காரணம். ஹனஃபீ மத்ஹபு இந்நிபந்தனையை இன்னும் விரிவாக ஏற்கிறது. எனினும் அறிந்த குறையை மறைத்து ஏமாற்றுவது பாவம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

குறை வெளிப்பட்டால் வாங்கியவர் தாமதமின்றித் திருப்பித் தர வேண்டும் என்கிறது ஷாஃபிஈ மத்ஹபு. அவரிடம் புதிய ஊனம் நேர்ந்து, திருப்பித் தர இயலாமற் போனால், பழைய குறைக்கான ஈட்டைப் பெறலாம். குறையற்ற குதிரையின் சந்தை மதிப்பு நூறாகவும் குறையுள்ளதன் மதிப்பு தொண்ணூறாகவும் இருந்தால், கொடுத்த விலையில் பத்தில் ஒரு பங்கு திரும்ப வரும். 220 தீனார் குதிரைக்கு அது 22 தீனார்.

சந்தைக் கண்காணிப்பு

இவ்விதிகள் ஏட்டோடு நின்றுவிடாமல் இருக்க ஹிஸ்பா எனும் துறை ஏற்பட்டது. 12-ஆம் நூற்றாண்டில் ஷாம் நாட்டில் வாழ்ந்த ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் கால்நடைத் தரகருக்கும் கால்நடை வைத்தியருக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. தரகர் விற்பவரை அறிந்திருக்க வேண்டும். திருட்டுப் பொருள் கைமாறாமல் காக்க வேண்டும். தேர்ச்சியற்றவர் வைத்தியம் பார்த்து விலங்கை அழித்துவிடக் கூடாது. இதனை அறிந்த ஒருவர் மார்க்கோ போலோவின் குற்றச்சாட்டைப் படித்தால் வெட்கமுறாமல் இருக்க முடியாது. வஸ்ஸாஃப் கூறும் காரணங்களே அதிகப் பொருத்தமாகத் தோன்றுகின்றன. ஆயினும், குற்றச்சாட்டு உண்மையாயின், செய்தவர் நம்மவர் என்பதற்காக ஷரீஅத் அதனை மன்னிக்காது. விற்ற பொருள் ஒப்படைக்கப்படும் முன் அழிந்தால் இழப்பு விற்பவரைச் சேரும் என்பது ஷாஃபிஈ விதி. கருவூலத்தின் மீது சுமத்தப்பட்ட நிபந்தனையை, இறக்குமதியை ஊக்குவிக்க மன்னர் தாமே ஏற்ற சலுகை எனக் கொண்டால் மட்டுமே நியாயப்படுத்த இயலும்.

இன்றைய நிலை

குதிரையின் இடத்தில் இன்று மகிழுந்தும் சரக்கு வாகனமும் நிற்கின்றன. வளைகுடாவில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய வாகனம் வாங்குவோர் நம்மில் பலர். உள்ளது உள்ளபடி என எழுதி வாங்கிக்கொண்டு, விபத்தில் அடிபட்ட வண்டிக்கு வண்ணம் பூசி விற்பதும், ஓடிய தூரத்தைக் காட்டும் மானியைக் குறைத்து வைப்பதும் மடி கட்டிய ஆட்டை விற்பதற்கு ஒப்பானவை. 1986-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில், 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வணிகரிடம் வாங்கிய பொருளில் குறை இருந்தால் இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். ஒரே வகை வாகனங்களில் ஆபத்தான குறை காணப்பட்டால் அவற்றைத் திரும்பப் பெற உற்பத்தியாளருக்கு ஆணையிடும் அதிகாரத்தை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அரசுக்கு வழங்கியது.

சட்டம், நிரூபிக்கப்பட்ட குறைக்கே ஈடு தரும். விற்பவர் மட்டுமே அறிந்த குறையை வெளிக்கொணர்வது அவருடைய ஈமானின் பொறுப்பு. அரபிக் கல்லூரிகளில் வணிகப் பாடத்தை நடத்தும் நாம், ஒட்டகத்தோடும் அடிமையோடும் எடுத்துக்காட்டுகளை நிறுத்திவிடாமல், மாணவர் நாளை ஜும்ஆ மேடையில் வாகன விற்பனையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதனை விளக்கியாக வேண்டும். பத்தாயிரம் குதிரைகளை விற்றோம் என்னும் பெருமையோடு, அவற்றின் குறைகளைக் கூறியே விற்றோமா என்னும் வினாவும் வரலாற்றில் நம்மை நோக்கி நிற்கிறது. முன்னோர் சார்பில் அதற்கு நாம் விடை கூற இயலாது. நம் கடைவீதிகளில் நம் சார்பில் கூற இயலும். அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக.