கிறிஸ்டோஃபோரியின் சுத்தியல்

பியானோ தோன்றுவதற்கு முன், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் தந்தி வாத்தியங்களுள் ஹார்ப்சிகார்டும் கிளாவிகார்டும் ஐரோப்பாவில் பெருவழக்காக இருந்தன. ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தியதும் இறகுத் தண்டால் செய்த சிறு அலகு ஒன்று மேலெழுந்து தந்தியைச் சுண்டும். விரல் எவ்வளவு மென்மையாக இறங்கினாலும், எவ்வளவு வேகமாக இறங்கினாலும் ஒலியளவு ஏறத்தாழ மாறாது. கிளாவிகார்டில் கட்டையின் மறுமுனையிலுள்ள பித்தளைத் தகடு தந்தியைத் தொட்டு அதிரச் செய்வதால் விரலுக்கேற்ப நாதம் ஏறி இறங்கும் என்றாலும், அந்த நாதம் சிற்றறையைத் தாண்டாத அளவுக்கு மெலிந்தது.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்த்தவர், 1655இல் பதுவாவில் பிறந்து, 1688 முதல் ஃபிளாரன்ஸில் இளவரசர் ஃபெர்டினாண்டோ டி மெடிச்சியிடம் வாத்தியங்களைச் செய்தும் செப்பனிட்டும் பணியாற்றிய பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி. மெல்லொலியும் வல்லொலியும் எழுப்பவல்ல புதிய கருவியாக அவரது படைப்பு, 1700ஆம் ஆண்டின் அரண்மனை வாத்தியப் பட்டியலிலேயே இடம்பெற்றுவிட்டது.

தந்தியைக் கோலால் அடித்து இசைப்பது அதற்கு முன்பே வழக்கிலிருந்தது. ஆகவே அவருடைய மேதைமை அடித்ததில் இல்லை, அடித்த சுத்தியலை விலக்கியதில் இருக்கிறது. கட்டையோடு பிணைந்த சுத்தியல் தந்தியிலேயே ஒட்டி நின்றால் அதிர்வு அக்கணமே அடங்கிவிடும். எனவே கட்டை எழுப்பும் தள்ளுகுச்சி ஒன்று நெம்புகோல் வழியாகச் சுத்தியலை உயர்த்தி, அது தந்தியைத் தொடுவதற்குச் சற்று முன்பே நழுவி விலகிக்கொள்ளுமாறு அவர் அமைத்தார். எஞ்சிய தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்தாலேயே கடந்து, தந்தியை அடித்து விழும். அது துள்ளி மீண்டும் அடித்துவிடாதபடி கட்டையின் பின்முனையிலுள்ள தடுப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்ததும் தணிப்பான் என்னும் மெத்தை தந்தியின் மேல் இறங்கி ஒலியை நிறுத்தும். காகிதப் பட்டைகளைச் சுருட்டி ஒட்டி, முகப்பில் தோல் பொருத்தி சுத்தியல் தலைகளை அவர் செய்தார். அவருடைய பியானோக்களுள் மூன்று இன்று எஞ்சியுள்ளன. 1720, 1722, 1726ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை முறையே நியூயார்க், ரோம், லைப்சிக் நகர்களின் அருங்காட்சியகங்களில் உள்ளன.

இக்கருவியைப் பற்றி 1711இல் விரிவாக எழுதிய ஷிப்பியோனே மாஃபேய், அதன் ஒலி மங்கலானது என்று சிலர் குறைகூறியதையும் மறைக்காமல் பதிவு செய்தார். அக்கட்டுரை 1725இல் ஜெர்மன் மொழியில் வெளியான பின் காட்ஃபிரீட் சில்பர்மான் ஜெர்மனியில் பியானோ செய்யத் தலைப்பட்டார். அவருடைய தொடக்கக் கருவியில் மேல்சுரங்கள் வலுவற்றிருப்பதாக யோகான் செபாஸ்தியான் பாக் கூறியதையும், திருத்திய கருவிகளைப் பின்னர் அவரே ஏற்றதையும் அக்காலத்தவர் குறித்துள்ளனர்.

பெரிய அரங்குகளை நிறைக்கும் முழக்கம் வந்தது இரும்பினால்தான். தடித்த தந்திகளின் இழுவிசையை மரச்சட்டம் தாங்காது. அதனால் பாஸ்டன் நகரின் ஆல்ஃபியஸ் பாப்காக் 1825இல் ஒரே வார்ப்பாலான இரும்புச் சட்டத்திற்குக் காப்புரிமை பெற்றார். அதற்குச் சற்று முன்னரே, 1821இல், எரார் நிறுவனம் கிறிஸ்டோஃபோரியின் நழுவும் பொறியை மேலும் நுட்பமாக்கி, கட்டை முழுதும் மேலெழுமுன்பே அதே சுரத்தை மறுபடி அடிக்க வழிசெய்தது. தந்திகள் கிடையாக அமைந்த கிராண்ட் பியானோவில் இன்றும் இருப்பது அதன் வழிவந்த அமைப்பே. தந்திகள் செங்குத்தாக நிற்கும் வீட்டுப் பியானோவில் பொதுவாக அவ்வசதி இல்லாததால், ஒரே சுரத்தை அடுத்தடுத்து விரைந்து வாசிக்க அதில் கட்டையைக் கூடுதலாக உயரவிட வேண்டியிருக்கிறது.