உப்பு வண்டியின் அடிப்பாகம்

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகனாகிய பொகுட்டெழினியை ஔவையார் புகழ்ந்து பாடிய புறநானூற்று 102-ஆம் செய்யுளில், பாட்டுடைத் தலைவனுக்கு உவமையாக வந்திருப்பது உப்பு வண்டியின் அடியில் கட்டியிருக்கும் ஒரு மரத்துண்டு. நுகத்தடிக்குப் பழகாத இளங்காளைகள், அளவுக்கு மிஞ்சிய பாரம், வழியில் பள்ளம் எங்கே மேடு எங்கே என்று முன்கூட்டி அறிய முடியாத நிலை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த உப்பு வணிகர்களாகிய உமணர்கள், பூட்டிய அச்சு முறிந்தால் உடனே மாட்டிக்கொள்ளத்தக்க மாற்று அச்சு ஒன்றை வண்டியின் கீழ்மரத்தில் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பிரதேசங்கள் அந்தத் தகடூர் நாட்டைச் சேர்ந்தவையே. கடற்கரையில் விளைந்த உப்பு மலைநாட்டுக்கு ஏறிவந்த சரித்திரத்தில், வண்டியின் மேற்பாகத்தைவிட அடிப்பாகத்தைப் பற்றியே மனிதன் அதிகம் கவலைப்பட்டிருக்கிறான் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சியம் நமக்கு வேண்டியதில்லை.

உமணர்கள் அஞ்சியது அச்சு முறிவதற்கே ஒழிய, அரிப்புக்கு அன்று. மரத்தை உப்பு அரிப்பதில்லை. செல்லும் பூஞ்சையும் அணுகாதபடி ஓரளவு காக்கவும் செய்யும். இரும்பு இந்த நாட்டிற்குப் புதிதன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்தவற்றின் காலக்கணிப்பைக் கொண்டு, இங்கே 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு வழங்கியது என்று 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் தமிழக அரசு அறிவித்தது. ஆயினும் வாளாகவும் கொழுவாகவும் கோடரியாகவும் இருந்த அந்த இரும்பு, உப்பு மூட்டையின் கீழே இரவும் பகலும் கிடக்க நேர்ந்தது லாரி வந்த பிறகுதான்.

தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து மதுரை, சேலம் வழியாகக் கிருஷ்ணகிரி மலைச்சரிவில் ஏறி, ஓசூரைக் கடந்து கர்நாடகத்துக்குள் நுழையும் நெடுஞ்சாலையில் உப்பு லாரி ஒன்றின் பின்னால் சென்றவர்கள், பலகை இடுக்குகளின் வழியே நீர் சொட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு எழுபத்தைந்தை எட்டிய பிறகே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத கல்லுப்பிலோ மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு முப்பத்துமூன்று சதவீத ஈரமே போதும். சமையலறை ஜாடியில் கல்லுப்பு கசிவதும் இந்தக் காரணத்தினாலேயே. அந்தக் கசிவு சேஸின் மீது வழிந்து, பட்டைகளின் நடுவிலும், ரிவெட்டுகளின் தலையடியிலும், குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தோடு சேரும் பொருத்துகளிலும் தங்குகிறது. உப்புநீர் மின்சாரத்தை எளிதில் கடத்துவதாலும், குளோரைடு அயனிகள் இரும்பின் மேல் படியும் காப்புப் படலத்தைத் துளைத்துவிடுவதாலும், துரு விரைந்து வளர்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைப்போலப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளுமாதலால், இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்த துரு அவற்றை நெம்பிப் பிளந்துவிடுகிறது. வெளியே வண்ணம் குலையாமல் இருக்கும்போதே உள்ளே தகடு இற்றுப்போயிருக்கும்.

மேலைநாடுகளில் இதே தீங்கு வேறொரு வழியில் வந்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1938-ஆம் ஆண்டு வாக்கில், சாலையில் உறையும் பனியை உருக்குவதற்கு உப்பைத் தூவிப் பார்த்தார்கள். உலக யுத்தத்திற்குப் பின் அந்த வழக்கம் குளிர்நாடுகள் எங்கும் பரவியது. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரையில் நீரை உறையவிடாத சக்தி உப்புக்கு உண்டு. சாலை வழுக்கவில்லை, உயிர்கள் தப்பின. ஆனால் சக்கரங்கள் வாரியடித்த உப்புச் சேறு பட்டு, பிக்கப் வண்டிகளின் சட்டங்கள் சில ஆண்டுகளிலேயே சல்லடையாயின. பாரத்தை மேலே வைத்து உப்பைக் கீழே வாங்கிக்கொண்ட அந்த வண்டிகளுக்கும், உப்பையே பாரமாகச் சுமந்த நம் லாரிகளுக்கும் நோய் ஒன்றே.

அந்த நோய்க்கான பரீட்சை ஓசூருக்கு வந்து சேர்ந்ததை நான் இப்பிரதேசத்தின் தொழில் சரித்திரத்தில் ஒரு முக்கியமான அத்தியாயமாகவே கருதுகிறேன். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டின் லாரித் தொழிற்சாலையும் டி.வி.எஸ். மொபெட் தொழிற்சாலையும் தோன்றியபின், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு ஆலைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. கடலிலிருந்து நெடுந்தொலைவில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பனிமழை என்பதையே காணாத இந்த ஊரில், 'சால்ட் ஸ்பிரே' என்று தொழிலாளர்கள் குறிப்பிடும் பெட்டிகள் இன்று அல்லும் பகலும் இயங்குகின்றன. நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைசலை, 35 டிகிரி வெப்பத்தில் மூடுபனியாக்கி, போல்ட்டுகள் மீதும் தகடுகள் மீதும் இடைவிடாமல் படியவிடுகிறார்கள். துத்தநாக முலாம் முதலில் வெண்துருவாகப் பூக்கும். அது தீர்ந்து இரும்பு வெளிப்படும்போது செந்துரு தலைகாட்டும். அது எத்தனையாவது மணியில் நேர்ந்தது என்பதைப் பொறுத்துச் சரக்கு ஏற்கப்படுவதும் திருப்பப்படுவதும் நிர்ணயமாகின்றன. 1914-இல் ஜே. ஏ. கேப் என்பவர் அமெரிக்காவில் முன்மொழிந்து, 1939-இல் பி-117 என்ற தரநிர்ணயமாக உருப்பெற்ற முறை இது.

இம்மணிக்கணக்கை ஆண்டுக்கணக்காக மாற்றிச் சொல்ல முயல்வது பிழை. சாலையில் நனைந்த தகடு வெயிலில் காய்கிறது, மறுபடி நனைகிறது, கல்லடி பட்டு வண்ணம் பெயர்கிறது. பெட்டிக்குள்ளோ ஈரம் ஓய்வதே இல்லை. எனவேதான் நனைத்தலையும் உலர்த்தலையும் மாறிமாறிச் செய்யும் சுழற்சிப் பரீட்சைகள் பின்னர் தோன்றின. உருக்குச் சட்டத்தை வண்ணத் தொட்டியில் அமிழ்த்தி, மின்சாரத்தின் துணையால் இடுக்குகளுக்குள்ளும் பூச்சை ஏற்றும் முறை 1970-களில் மோட்டார் தொழிலில் வேரூன்றியது, துருவுக்கு எதிரான போராட்டத்தில் பெரிய முன்னேற்றம்.

ஆனால் பழைய உப்பு லாரிகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றைக் காத்தது பட்டறைகளின் கைமருந்துதான்: வாட்டர் சர்வீஸில் அடிப்பாகத்தைப் பீய்ச்சிக் கழுவி, உலர்ந்தபின் வேஸ்ட் ஆயிலை அடிப்பது. மண்ணையும் கிணற்றையும் அந்த எண்ணெய் கெடுக்கும் என்பது உண்மையானாலும், அதற்குமுன் நல்ல நீரால் கழுவுகிற வேலை விலைமதிப்பற்றது. எட்டாண்டு கடந்த லாரி ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று பெறவேண்டும், அதற்குச் சில நாட்கள் முன்னால் துருவைச் சுரண்டாமலே சேஸுக்குக் கறுப்பு வண்ணம் பூசிவிடும் வழக்கம் மட்டும் ஒழிய வேண்டும். பூச்சின் அடியில் அடைபட்ட உப்பு அடுத்த மழைக்கே வேலையைத் தொடங்கிவிடுகிறது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் ஓட்டுநரும் கிளீனரும் கிருஷ்ணகிரிச் சரிவில் இறங்குகிறார்கள்.