நாலு பேட்டரியில் ஜெயித்த மனிதர்

நைட் டூட்டியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது. இன்னைக்கு மருத்துவம் வேண்டாம், கேம் கதை பேசுவோம். (கடைசியில் மருத்துவம் வந்துடும், மன்னிச்சுக்குங்க.)

குன்பே யோகோய். 1965ல் நின்டெண்டோவில் சேர்ந்தார். வேலை? சீட்டுக்கட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிப்பது. ஆமாம், நின்டெண்டோ அப்போ சீட்டுக்கட்டு கம்பெனி.

சும்மா இருந்த நேரத்தில் நீண்டு சுருங்கும் ஒரு பொம்மைக் கையைச் செய்தார். முதலாளி யமவுச்சி பார்த்துட்டார். திட்டு விழும்னு நினைச்சா, "இதையே பொருளாக்கு" என்றார். 1966ல் வந்த அந்த 'அல்ட்ரா ஹேண்ட்' பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

1970களில் கால்குலேட்டர் கம்பெனிகள் போட்டி போட்டதில் எல்சிடி திரை மலிவாகிப்போனது. அதை எடுத்து 1980ல் 'கேம் அண்ட் வாட்ச்' கொண்டுவந்தார். 1982ல் அதன் டாங்கி காங் மாடலில் கூட்டல்குறி வடிவ பட்டனை வைத்தார். இன்னைக்கு உங்க கட்டைவிரல் தேடுவது அதைத்தான்.

அவர் கொள்கை இதுதான்: புதுசு வேண்டாம். பழகிப்போய், காய்ந்துபோன தொழில்நுட்பத்தை எடு. அதை வேறு கோணத்தில் யோசி.

1989ல் அவர் குழு தந்த கேம் பாய்க்கு கலர் கிடையாது, திரைக்குப் பின் விளக்கு கிடையாது. நாலே ஷேடு. சிப் 1970களின் பரம்பரை. ஆனா நாலு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

அடுத்த வருஷம் செகாவின் கேம் கியர் வந்தது. கலர், விளக்கு எல்லாம் உண்டு. ஆறு பேட்டரியை 3-5 மணி நேரத்தில் குடிச்சிடும். பேட்டரிக்குக் காசு கேட்டு அப்பாகிட்ட நின்னவங்களுக்கு யார் ஜெயிச்சாங்கன்னு சொல்லத் தேவையில்லை. கேம் பாய், கேம் பாய் கலர் இரண்டும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

இப்போ சறுக்கல். 1995, விர்ச்சுவல் பாய். மேஜையில் ஸ்டாண்டு போட்டு வைத்து, குனிந்து கண்ணைப் பதித்துப் பார்க்கணும். உள்ளே எல்லாம் சிவப்பு. விலை குறைவு, மின்சாரம் குறைவு என்பதால் சிவப்பு எல்இடி. அதே பழைய கொள்கைதான். ஆனா இந்த முறை நடுவில் மனுஷக் கண்ணு இருந்தது.

கிட்ட இருக்கும் பொருளைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் உள்நோக்கித் திரும்பும், கண்ணின் லென்ஸும் தடிக்கும். இரண்டும் ஜோடியா நடக்கும். ஆளுக்கொரு படம் காட்டி ஆழத்தை ஏமாற்றினா அந்த ஜோடி பிரியும். தலைவலி, கண் வலி, குமட்டல். ஏழு வயசுக்குக் கீழ் வேண்டாம்னு நின்டெண்டோவே எச்சரிக்கை போட்டது. இடையிடையே ஆட்டத்தை நிறுத்தி ஓய்வு தரும் வசதியும் வைத்தது. ஒரு விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவு எச்சரிக்கை தேவைப்பட்டாலே நோயறிதல் முடிஞ்சுது. ஒரு வருஷத்துக்குள் கடையை மூடினாங்க.

1996ல் யோகோய் நின்டெண்டோவை விட்டு வெளியேறினார். இந்தத் தோல்விதான் துரத்தியதுன்னு இன்னமும் பேசுறாங்க. அவர் அதை மறுத்தார்.

சொந்தமா 'கோட்டோ' கம்பெனி தொடங்கி, பண்டாய்க்காக ஒரு கையடக்கக் கருவியை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1997 அக்டோபர் 4. நெடுஞ்சாலையில் சின்ன மோதல். என்ன ஆச்சுன்னு பார்க்கக் காரைவிட்டு இறங்கியவர் மேல் பின்னால் வந்த வண்டி மோதியது. வயது 56. (ஹைவேயில் வண்டி நின்னா சாலையில் நிக்காதீங்க, ஓரமா தள்ளிப் போயிடுங்க. எங்க கேஷுவாலிட்டியில் இதே கதையை அடிக்கடி கேட்கிறோம்.)

அந்தக் கருவி 1999ல் 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் வந்தது. கருப்பு வெள்ளைத் திரைதான். கூடவே வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு 'குன்பே' என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

ஓடுவதற்கு ஒரே ஒரு பேட்டரி போதும்.