எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் சஸ்பென்ஷன் புதுப்பிப்பு

எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் தேய்ந்துபோன சஸ்பென்ஷன் உறுப்புகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தி, காரின் தொடக்ககால ஓட்டத்தை மீட்டெடுக்கும் பணி சஸ்பென்ஷன் புதுப்பிப்பு எனப்படுகிறது. ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் ஆகியவை இப்பணியில் முதன்மையாக மாற்றப்படுகின்றன. இங்கிலாந்தின் லோட்டஸ் எலான், ஜப்பானின் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஆகிய இரு கார்களின் வரலாறு இப்பணியின் தேவையை நன்கு விளக்குகிறது. ஒரு கார் எத்தனை ஆண்டு ஓடும் என்பதை எஞ்சின் மட்டும் முடிவு செய்வதில்லை. கைக்குள் அடங்கும் ரப்பர்த் துண்டுகள் தொடர்ந்து கிடைக்கின்றனவா என்பதும் அதை முடிவு செய்கிறது.

எடையும் சஸ்பென்ஷனும்

சஸ்பென்ஷனுக்கு இரண்டு வேலைகள் உண்டு. மேடுபள்ளங்களின் அதிர்ச்சி பயணிகளை எட்டாமல் குறைப்பது ஒன்று. நான்கு டயர்களையும் சாலையோடு சரியான கோணத்தில் பதிய வைத்திருப்பது மற்றொன்று. சொகுசுக் கார்களில் முதல் வேலை பெரிதாகக் கருதப்படும். ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டாவது வேலைக்கே முதலிடம்.

சக்கரம், டயர், பிரேக் ஆகியவற்றின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே அமைகிறது. உடல், எஞ்சின், பயணிகள் ஆகியோரின் எடை ஸ்பிரிங்கின் மேல் அமர்கிறது. பெரிய காரில் மேலே உள்ள எடை மிக அதிகம் என்பதால் ஒரு சக்கரம் துள்ளினாலும் உடல் அதிகம் அசைவதில்லை. சிறிய காரில் அந்த விகிதம் சாதகமாக இல்லை. பாரம் ஏற்றிய லாரியைவிட வெறும் லாரி அதிகமாகக் குலுங்குவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆகவே எடை குறைந்த காரில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மிகத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். ஒரு புஷ்ஷின் தேய்மானம்கூட ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும்.

லோட்டஸ் எலான்

லோட்டஸ் நிறுவனத்தை நிறுவிய காலின் சாப்மன், வேகத்துக்குப் பெரிய எஞ்சினை நாடாமல் எடைக் குறைப்பை நாடியவர். 1962இல் அறிமுகமான எலான் இக்கொள்கையின் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் எடை ஏறத்தாழ 680 கிலோ மட்டுமே. காரின் நடுவே முதுகெலும்புபோல் ஓடும் எஃகுச் சேஸிஸ், அதன்மேல் கண்ணாடியிழை உடல், மென்மையான ஸ்பிரிங்குகள் என்பது அதன் அமைப்பு. சேஸிஸ் விறைப்பாக இருந்ததால் ஸ்பிரிங்குகளை மென்மையாக வைக்க முடிந்தது. சாலைப் பிடிப்பும் பயண வசதியும் ஒரே காரில் சேர்ந்து கிடைத்தன.

சிறிய நிறுவனமான லோட்டஸ் எல்லா உறுப்புகளையும் தானே செய்யவில்லை. எலானின் முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்தண்டு, 1959இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு காரின் வழியில் வந்தது. இந்த அமைப்பில் கீழ்ப்பக்கம் பால் ஜாயின்ட் இல்லை. நிமிர்தண்டின் அடிப்பகுதியில் மரை வெட்டப்பட்டு, அது டிரனியன் எனப்படும் உலோகக் குமிழுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரையிலேயே சுழலும். வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் மரையின் திசை வேறு.

இந்த டிரனியனுக்குக் கெட்டியான கியர் ஆயில் ஊற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதித்த முறை. பல பட்டறைகளில் மற்ற இணைப்புகளுக்கு வைப்பதுபோல் இதற்கும் கிரீஸ் வைத்துவிட்டனர். கிரீஸ் மரைக்குள் முழுமையாக இறங்காது. உள்ளே நீர் புகுந்து துருப்பிடிக்கும், மரை தேயும், இறுதியில் தண்டு முறியும். தண்டு முறிந்தால் முன்சக்கரம் காரின் அடியில் மடங்கிவிடும். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே வளரும் தேய்மானத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மலிவான எண்ணெயைக் குறித்த காலத்தில் ஊற்றியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்து இது.

இதே ஹெரால்டு கார் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. எனவே எலான் உரிமையாளர்கள் கவனிக்க வேண்டிய அதே டிரனியன், தமிழ்நாட்டுச் சாலைகளில் ஓடிய ஹெரால்டு கார்களிலும் கவனிக்கப்பட வேண்டியிருந்தது.

எலானின் பின்பக்கத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. எஞ்சினின் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டுகளில் ரோட்டோஃபிளெக்ஸ் எனப்படும் வளைய வடிவ ரப்பர் இணைப்புகள் பொருத்தப்பட்டிருந்தன. கிளட்சை விடும்போது இந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு விடுபடுவதால் கார் முன்னும் பின்னும் அசையும். ரப்பரில் வெடிப்பு விழுந்தால் உடனே மாற்ற வேண்டும். பிற்காலத்தில் பலர் இதை நீக்கிவிட்டு, உலோக மூட்டுகள் கொண்ட தண்டுகளைப் பொருத்திக்கொண்டனர். துருப்பிடித்த சேஸிஸுக்குப் பதிலாகத் துத்தநாகம் பூசிய புதிய சேஸிஸ்களும் கிடைத்தன. இன்று ஓடும் எலான்கள் பல, இவ்வாறு உறுப்பு உறுப்பாகப் புதுப்பிக்கப்பட்டவையே.

மாஸ்டா எம்எக்ஸ்-5

எலானின் உற்பத்தி 1973இல் நின்றது. அந்த வகைக் கார்கள் அருகிவந்த காலத்தில், அமெரிக்க வாகன இதழாளரான பாப் ஹால் 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் எளிய, திறந்த கூரையுள்ள இருவர் காரைச் செய்யலாம் என்று கூறினார். ஹால் பின்னர் மாஸ்டாவிலேயே சேர்ந்தார். முதல் ஓடும் மாதிரி இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு, 1985இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. தொஷிஹிகோ ஹிராய் திட்டத் தலைவராக இருந்து முடித்த கார், 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்எக்ஸ்-5 மியாட்டா என்ற பெயரில் அறிமுகமானது. ஜப்பானில் அது யூனோஸ் ரோட்ஸ்டர் எனப்பட்டது.

குதிரையும் அதன்மேல் செல்பவரும் ஓருடலாக இயங்குவதைக் குறிக்கும் ‘ஜின்பா இத்தாய்’ என்ற ஜப்பானியத் தொடரை ஹிராயின் குழு தன் இலக்காகக் கொண்டது. ஜப்பானில் விற்ற முதல் கார்களின் எடை ஏறத்தாழ 940 கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன் தரப்பட்டது. கோழியின் கவட்டெலும்புபோல் பிளவுபட்ட இரு கைகள், ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் சக்கரத்தைப் பிடித்திருப்பது இந்த அமைப்பு. வளைவில் உடல் சாய்ந்தாலும் டயர் சாலையில் நன்கு பதிந்திருக்கும். அதே விலையிலான பிற கார்களில் அன்று இது அரிது.

இந்தக் கைகள் சேஸிஸோடு சேரும் இடங்களில் எல்லாம் ரப்பர் புஷ்கள் உள்ளன. கார் திரும்பும் விதம் அந்த ரப்பரின் மென்மையையும் உறுதியையும் பொறுத்தது. எனவே புஷ் தேயும்போது ஓர் உறுப்பு மட்டும் கெடுவதில்லை. வடிவமைப்பாளர் திட்டமிட்ட குணமே மாறிவிடுகிறது.

தேய்மானம் நிகழும் விதம்

கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரை உறுதியாக்கும் முறையை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். இன்றைய புஷ்களுக்கும் அதுவே அடிப்படை. ஆனால் உறுதியாக்கிய ரப்பரும் காற்றிலுள்ள ஆக்சிஜன், ஓசோன், வெப்பம், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றால் மூப்படையும். முதலில் இறுகும், பிறகு வெடிக்கும், கடைசியில் உள்ளிருக்கும் உலோகக் குழாயிலிருந்து பிரியும். காரை ஓட்டாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்தாலும் இது நிற்பதில்லை. ஓடிய தொலைவு குறைவு என்பதால் மட்டும் சஸ்பென்ஷன் நன்றாக இருக்கும் என்று கருத முடியாது.

ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்தோ, உள்ளிருக்கும் சீல் தேய்ந்தோ அதன் கட்டுப்பாடு குறையும். சஸ்பென்ஷன் முழுதாக அழுந்தும்போது தாங்கும் நுரைத் தடுப்புகள் பழைய எம்எக்ஸ்-5 கார்களில் பெரும்பாலும் தூளாக உதிர்ந்திருக்கும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்தால் மணலும் நீரும் புகுந்து ஆட்டம் தொடங்கும்.

இவை எல்லாம் மிக மெதுவாக நிகழ்வதே பெரிய சிக்கல். நாள்தோறும் ஓட்டுபவர் அந்த மாற்றத்துக்குப் பழகிவிடுகிறார். நெடுஞ்சாலையில் கார் சற்று அலைவதும், பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுப்பதும், டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்வதும் அந்தக் காரின் இயல்பு என்றே எண்ணத் தோன்றும். புதுப்பித்த பின்னரே எவ்வளவு இழக்கப்பட்டிருந்தது என்பது தெரியவரும்.

புதுப்பிக்கும் முறை

முதலில் சோதனை நடைபெறும். காரை ஜாக்கியில் உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து அசைத்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங்கின் ஆட்டம் தெரியும். கடப்பாரை போன்ற நெம்புகோலால் கைகளை நெம்பினால் புஷ்ஷின் தளர்ச்சி தெரியும்.

பழைய எம்எக்ஸ்-5இல் கழற்றுவதே கடினமான கட்டம். சக்கரக் கோணத்தைச் சரிசெய்ய, கீழ்க்கைகளில் மையம் விலகிய வட்டத் தகடுடைய போல்ட்டுகள் உள்ளன. பல ஆண்டுகளுக்குப் பின் இவை புஷ்ஷின் உட்குழாயோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் ஊறவிட்டும் சூடேற்றியும் வராதவற்றை அறுத்தெடுக்க நேரிடும். கழற்றுமுன் போல்ட்டின் நிலையை அடையாளமிட்டுக்கொள்வது வழக்கம். ஸ்பிரிங்கை ஷாக் அப்சார்பரிலிருந்து பிரிக்க அதற்குரிய அழுத்தும் கருவி வேண்டும். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் திடீரென விடுபட்டால் உயிருக்கே ஆபத்து.

பழைய புஷ்களைப் பிரஸ்ஸில் தள்ளியெடுத்து, கைகளின் துருவை நீக்கி வண்ணம் பூசி, புதிய புஷ்களை நேராக இறக்குவார்கள். பொருத்தும்போது பலர் ஒரு தவறு செய்வதுண்டு. ரப்பர் புஷ் தன் போல்ட்டின்மேல் உருள்வதில்லை; உட்குழாய் இறுகப் பிடிக்கப்பட்டிருக்க, ரப்பரே முறுக்கிக்கொண்டு அசைவுக்கு இடம் தருகிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும்போது எல்லா ரப்பரும் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், விரைவில் கிழியும். ஆகையால் போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, காரின் எடையைச் சக்கரங்களின்மேல் இறக்கிய பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். அதன்பின் வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் புதிய உறுப்புகளால் முழுப் பயன் கிடைக்காது.

மாற்றமா, மீட்பா

ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ்களைப் போடுபவர்கள் பலர். அவை ரப்பரைவிட நீடித்து உழைக்கும். ஸ்டியரிங்கின் பதிலும் கூர்மையாகும். ஆனால் அதிர்வும் ஒலியும் கூடும். உரிய கிரீஸ் இல்லாவிட்டால் கீச்சிடும். உயரத்தைக் குறைக்கும் விறைப்பான ஸ்பிரிங்குகளுக்கும் இது பொருந்தும். பந்தயத் தடத்தில் அவை பயன் தரலாம். கரடுமுரடான சாலையில் டயரைத் துள்ளவைத்துப் பிடிப்பைக் குறைக்கவும் கூடும். மென்மையான ஸ்பிரிங்கால் புகழ்பெற்ற எலானும், அதை முன்மாதிரியாகக் கொண்ட எம்எக்ஸ்-5உம் விறைப்பை நம்பி உருவான கார்கள் அல்ல.

தொழிற்சாலையின் பங்கு

எம்எக்ஸ்-5 வரிசை 2000இல் 5,31,890 கார்களோடு உலகில் மிக அதிகமாக உற்பத்தியான இருவர் ஸ்போர்ட்ஸ் கார் எனக் கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. 2016 ஏப்ரல் 22 அன்று பத்து இலட்சமாவது கார் ஹிரோஷிமாவில் தயாரானது. ஆனால் முதல் தலைமுறைக் கார்களின் உற்பத்தி 1997இல் நின்றுவிட்டதால், அவற்றின் உதிரிபாகங்கள் ஒவ்வொன்றாகக் கிடைக்காமல் போயின.

இதற்குத் தீர்வாக மாஸ்டா 2017இல், முதல் தலைமுறைக் கார்களைத் தானே புதுப்பித்துத் தரும் திட்டத்தை ஜப்பானில் தொடங்கியது. நிறுத்தப்பட்ட பல உதிரிபாகங்கள் மீண்டும் தயாரிக்கப்பட்டன. மர ஸ்டியரிங் சக்கரம், துணிக்கூரை ஆகியவற்றோடு, தொடக்கக் கார்களில் இருந்த பிரிட்ஜ்ஸ்டோன் டயரும் அதே 185/60 ஆர்14 அளவில் புதிதாக வந்தது. சஸ்பென்ஷனின் எல்லாக் கணக்கும் டயரில்தான் முடிகிறது என்பதால் பழைய டயரை மீண்டும் செய்தது அலங்காரத்துக்காக மட்டும் அன்று.

பழைய காரைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தால் அதன் வடிவத்தை மட்டுமே காக்க முடியும். அது சாலையில் எப்படித் திரும்பியது, மேட்டில் ஏறி எப்படி அமர்ந்தது என்பதைக் காக்க, அதன் தேய்ந்த உறுப்புகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது.