வானொலி அதிர்வெண் பெருக்கியின் பழுதும் சீரமைப்பும்: நியூட்ரோடைன் காலத்து நடுநிலையாக்க முறை

முன்னுரை

மின்னணுக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்பட்டு வருகிறது. கருவி பழுதுற்றபோது அப்பழுது எவ்வாறு இனங்காணப்பட்டது, எவ்வாறு நீக்கப்பட்டது என்பவற்றுக்கு அவ்வரலாற்றில் சிறிதளவே இடம் கிடைக்கிறது. 1920களில் அமெரிக்க வீடுகளில் பரவிய நியூட்ரோடைன் வானொலிப் பெட்டியைச் சான்றாகக் கொண்டு, பழுது நீக்குதலும் ஓர் அறிவுமுறையே என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பழுதின் இயல்பு

வான்கம்பியை வந்தடையும் அலை மிகவும் வலுக்குறைந்தது. அதிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பதற்கு முன்பே அதனை வலுப்படுத்துவது வானொலி அதிர்வெண் பெருக்கியின் பணியாகும். லீ டி ஃபாரஸ்ட் 1906இல் உருவாக்கிய ஆடியானின் வழிவந்த டிரையோடு வால்வுகளே அக்காலப் பெருக்கிகளில் பயன்பட்டன. எலக்ட்ரான்களை உமிழும் இழை, அவற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட், அவற்றை ஏற்கும் தகடு ஆகிய மூன்றும் டிரையோடின் உறுப்புகள். கிரிட்டும் தகடும் அருகருகே அமைந்த உலோகப் பரப்புகளாதலின், அவை தமக்குள் ஒரு சிறு மின்தேக்கியாகவும் செயல்பட்டன.

பெருவழக்கிலிருந்த 201-ஏ வகை வால்வில் இத்தேக்குதிறன் ஏறத்தாழ 8 பிக்கோஃபாரடு. 1 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இதன் மின்மறுப்பு சுமார் 2 கோடி ஓம். 1000 கிலோஹெர்ட்ஸில் அது சுமார் 20,000 ஓம் மட்டுமே. எனவே ஒலி அதிர்வெண்ணில் பொருட்படுத்தத் தேவையற்ற இவ்வழி, ஒலிபரப்பு அலைகளில் தகட்டின் ஆற்றல் கிரிட்டுக்குத் திரும்பும் வாயிலாயிற்று. பெருக்கி தானே அலைவுகளை உண்டாக்கத் தொடங்கியது. பெட்டி சீழ்க்கையொலி எழுப்பியது. அலைவுகள் வான்கம்பி வழியே வெளியேறி அண்டை வீட்டாரின் வானொலியையும் கெடுத்தன. இங்குக் கருதத்தக்கது, எந்த உறுப்பும் உடையவோ தேயவோ இல்லை என்பதாகும். குறையற்ற வால்வின் இயல்பே பழுதாக வெளிப்பட்டது.

ஹேசல்டைனின் தீர்வு

கிரிட் சுற்றில் மின்தடையைச் சேர்த்து அலைவை அடக்குவது அன்றைய எளிய வழி. ஆனால் அது பழுதோடு பெருக்கத்தையும் குறைத்தது. ஸ்டீவன்ஸ் தொழில்நுட்ப நிறுவனப் பேராசிரியர் லூயிஸ் ஆலன் ஹேசல்டைன் வேறு வழியைக் கையாண்டார். தகட்டுச் சுற்றிலிருந்து எதிர்க்கட்டத்தில் ஒரு மின்னழுத்தத்தைப் பெற்று, மிகச் சிறிய மின்தேக்கியொன்றின் வழியாக அதனைக் கிரிட்டுக்கு அளித்தார். கசிந்து வரும் ஆற்றலும் எதிர்த்து வரும் ஆற்றலும் ஒன்றையொன்று அழித்தன. சுருள்களுக்கிடையிலான காந்தப் பிணைப்பைத் தவிர்க்க அவை ஏறத்தாழ 55 பாகை சாய்வில் பொருத்தப்பட்டன. இம்முறையை அவர் 1923 மார்ச்சில் அமெரிக்க வானொலிக் கழகத்தில் விளக்கினார். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பின்னூட்டக் காப்புரிமைக்கு உரிமம் பெறாத சிறு உற்பத்தியாளர்களுக்கு இது பெருவாய்ப்பாக அமைந்தது. ரைஸ், ஹார்ட்லி ஆகியோரும் இதையொத்த சுற்றுகளை முன்னரே வகுத்திருந்தமையால் காப்புரிமை வழக்குகளும் எழுந்தன.

பழுது காணும் முறை

வால்வுக்கு வால்வு தேக்குதிறன் சற்றே வேறுபடும். ஆதலால் வால்வை மாற்றியபின் சீழ்க்கை மீண்டும் எழக்கூடும். சமநிலையை மீண்டும் அமைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பழுது நீக்குவோர் கையாண்ட முறை நுட்பமானது. முதலில் வலுவான நிலையமொன்றுக்குப் பெட்டி இசைக்கப்படும். பின்னர், சீரமைக்க வேண்டிய நிலையிலுள்ள வால்வின் இழை முனைகளுள் ஒன்றில் காகிதத்தைச் சுற்றி, மின்னோட்டம் செல்லாதவாறு வால்வை மீண்டும் பொருத்துவர். இழை குளிர்ந்துவிடுவதால் பெருக்கம் நின்றுவிடும். தேக்குதிறன் மட்டும் எஞ்சும். அப்போதும் காதில் விழும் ஒலி கசிவினால் மட்டுமே வருவது. அவ்வொலி மறையும்வரை நடுநிலை மின்தேக்கியைத் திருப்புவர். பின்பு காகிதத்தை அகற்றி, அடுத்த நிலைக்குச் செல்வர்.

வால்வை முற்றிலும் கழற்றிவிட்டால் பெருக்கத்தோடு கசிவும் நீங்கிவிடும். ஆராய்வதற்கு ஏதும் எஞ்சாது. வால்வு எரிந்துகொண்டிருந்தால் கசிவு பெருக்கத்தில் மறைந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நிலையைச் சிறு காகிதத் துண்டினால் உண்டாக்கியதே இம்முறையின் சிறப்பு. ஒன்றோடொன்று கலந்த இரு காரணங்களுள் ஒன்றை நிறுத்தி மற்றதைத் தனியே காண்பது ஆய்வுக்கூடத்து நெறி. அது இங்குப் பணிமேசையில் காதையே அளவுகருவியாகக் கொண்டு நிகழ்ந்தது.

திரைக் கிரிட்டின் வருகை

கிரிட்டுக்கும் தகட்டுக்கும் இடையே திரையாக மற்றொரு கிரிட்டை அமைக்கும் வால்வுகள் 1920களின் பிற்பகுதியில் சந்தைக்கு வந்தன. 1929இல் வெளிவந்த 224 வகையில் கிரிட்–தகட்டுத் தேக்குதிறன் பிக்கோஃபாரடின் நூறில் ஒரு பங்கினும் குறைவு. கசிவு வால்வுக்குள்ளேயே தடுக்கப்பட்டதால் வீட்டு வானொலியில் நடுநிலையாக்கத்தின் தேவை மறைந்தது. சீரமைப்பவரின் செவியும் விரலும் செய்த பணியைத் தொழிற்சாலை ஏற்றுக்கொண்டது. எனினும் டிரையோடு பயன்படும் ஒலிபரப்பிகளின் திறன் பெருக்கிகளில் அம்முறை நிலைத்தது. அங்கும் தகட்டு மின்னழுத்தத்தை நீக்கியபின், வெளியீட்டுச் சுற்றில் தென்படும் கசிவு மிகக் குறையும்வரை மின்தேக்கி திருத்தப்படுகிறது.

முடிவுரை

நியூட்ரோடைனின் வரலாறு ஹேசல்டைனின் காப்புரிமையோடு முடிந்துவிடுவதில்லை. காப்புரிமை சமநிலை கூடும் என்பதைக் காட்டியது. ஒவ்வொரு பெட்டியிலும் அச்சமநிலையை உண்மையாக்கியவர்கள் பெயர் அறியப்படாத சீரமைப்பாளர்கள். புதிய உறுப்பு வந்ததும் அவர்களது திறன் பயனற்றதாகி, வரலாற்றுப் பார்வையிலிருந்தும் விலகியது. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் காப்புரிமை ஆவணங்களுக்கு இணையாகப் பழுதுநீக்கக் கையேடுகளையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளும்போதே அவ்வறிவின் வரலாறு முழுமைபெறும்.