அரக்கு படும் பாடு

இசைத்தட்டு வெட்டும் தொழில் மறுபடி தலையெடுத்திருப்பதைப் பற்றி அண்மையில் படித்த ஒரு பத்திரிகைக் கட்டுரை, போகிற போக்கில் கொஞ்சம் சொல்லாராய்ச்சியும் செய்திருந்தது. வெட்டப்படும் மூலத்தட்டுக்கு லேக்கர் என்று பெயராம். லேக்கர் 'லாக்'கிலிருந்து வந்ததாம். லாக் என்றால் இலட்சமாம். ஒரு கிளையில் இலட்சம் பூச்சிகள் மொய்ப்பதால் அப்படியாம். பூச்சிகளை எண்ணியவர் யார் என்று மட்டும் எழுதவில்லை. கதை பழையது. பூச்சியியல் பாடங்களில்கூட ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால் அது மெய்யாகிவிடாது.

எண்ணைக் குறிப்பது லக்ஷ, முதலெழுத்து குறில். பூச்சி தரும் பிசினைக் குறிப்பது லாக்ஷா, முதலெழுத்து நெடில். அதர்வ வேதத்தின் ஐந்தாம் காண்டத்திலேயே புண் ஆற்றும் மருந்தாக லாக்ஷா வந்துவிடுகிறது. லக்ஷவுக்கோ முதற்பொருள் குறி, அடையாளம் என்பதுதான். நம் இலக்கும் இலக்கணமும் அந்த வழி வந்தவை. எண் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

வடமொழிச் சண்டை வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழிலேயே சான்று இருக்கிறது. தமிழில் எண் 'இலக்கம்', பிசின் 'அரக்கு'. ஒன்றில் லகரம், மற்றதில் ரகரம். இரண்டும் ஒரே வேரானால் லகரம் ஏன் ரகரமாக வேண்டும்? லாக்ஷாவுக்கு ராக்ஷா என்றொரு வடிவமும் வடமொழி அகராதிகளில் உண்டு. அந்த ராக்ஷாதான் நம்மிடம் வந்தது. ரகரம் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் காலத்து ஏற்பாடு. எனவே முன்னால் அகரம் ஏறியது. க்ஷ என்பது க்க ஆயிற்று. ராக்ஷஸன் அரக்கன் ஆன அதே தடம். (உடனே அரக்கனும் அரக்கும் பங்காளிகள் என்று கிளம்பிவிட வேண்டாம். தடம் ஒன்று, குடும்பம் வேறு.) கன்னடத்தில் அரகு, மலையாளத்தில் அரக்கு. தெலுங்கு மட்டும் லக்க என்று லகரத்தைப் பிடித்துக்கொண்டது.

'அர்' என்ற செம்மை வேரிலிருந்து அரக்கு பிறந்தது, வடவர் நம்மிடம் வாங்கினர் என்று தனித்தமிழ் அணியினர் சிலர் சொல்வர். திசையில் எனக்கு உடன்பாடில்லை. அரத்தமும் அரதனமும் அகரத்தை எப்படிப் பெற்றனவோ, அப்படித்தான் அரக்கும் பெற்றது. ஆனால் பொருளில் அவர்கள் பக்கம்தான் நான். இது நிறத்தின் சொல். எண்ணின் சொல் அன்று. ராக்ஷாவை, சாயமேற்று, சிவப்பாக்கு என்று பொருள்படும் ரஞ்ஜ் என்னும் வேரோடு சேர்ப்பதே பொருந்தும்.

சங்க நூலைப் பாருங்கள். அகநானூறு 14ஆம் பாட்டில் செம்மண் பெருவழிக்கு உவமையாக வருவது அரக்கு. ஒட்டும் குணத்துக்காக அன்று, நிறத்துக்காக. காலில் பூசும் செம்பஞ்சுக் குழம்புக்கு அலத்தகம் என்று பெயர். அதுவும் அரக்குச் சாயமே. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் அலத்தகம் பூசிய பாதத்தை நரி கவ்விக்கொண்டு போகிறது. அந்த இடத்தில் சாத்தனாருக்கு வேண்டியது சிவப்பு. இன்றைக்குக் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் 'அரக்கு கலர்' என்று கேளுங்கள். இலட்சம் ரூபாய்ப் புடவையை யாரும் எடுத்துப் போடமாட்டார்கள், கருஞ்சிவப்பைத்தான் விரிப்பார்கள். ஐரோப்பாவுக்குப் போன பிறகும் சொல் நிறத்தை விடவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப்பெட்டியில் கிரிம்சன் லேக் என்றொரு சிவப்பு இருக்கிறதே, அந்த லேக் ஏரி அன்று; இதே அரக்குதான்.

பயணம் நீண்டது. லாக்ஷா பிராகிருதத்தில் லக்கா, பாரசீகத்தில் லாக், இடைக்கால இலத்தீனில் லக்கா. போர்த்துக்கீசியர் முத்திரை அரக்கை லக்ரே என்றனர். ஆங்கில லேக்கருக்கு அதுவே வழி. பிசினை உருக்கி மெல்லிய சில்லுகளாக வார்த்ததைப் பிரெஞ்சுக்காரர் 'செதில் அரக்கு' என்றனர். அதன் ஆங்கில வடிவம் ஷெல்லாக்.

எமில் பெர்லினர் 1887இல் கிராமபோனுக்குக் காப்புரிமை கேட்டபோது தட்டில் அரக்கு இல்லை. 1890களின் நடுவில்தான் ஷெல்லாக் வந்தது. பிறகு ஐம்பது ஆண்டுக்கு மேல் 78 சுற்றுத் தட்டு என்றால் அரக்குத் தட்டுதான். முழுக்க அரக்கு அன்று. கல்தூள், கரிப்பொடி, பஞ்சு நார் எல்லாம் கலந்த கலவையில் அரக்கு பிணைப்புப் பசை. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசிலும் இலந்தையிலும் சுரண்டி எடுத்ததே உலகத்துக்குப் பெரும்பங்கு போயிற்று. (புரசு நம் புரசைவாக்கத்துப் புரசுதான்; அதன் பூவும் சிவப்பு.) 1942இல், போர் நடுவே, அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான ஷெல்லாக்கை எழுபது விழுக்காடு அளவுக்கு வெட்டியது. அந்தத் தட்டுப்பாடும் சேர்ந்துதான் வினைலுக்குக் கதவு திறந்தது.

கட்டுரையாளரின் இரண்டாம் பிழை இங்கே. மூலத்தட்டு அரக்கால் ஆனது என்று அவர் நினைத்துவிட்டார். 1934இல் அமெரிக்காவில் பிரெஸ்டோ நிறுவனமும் பிரான்சில் பிரால் நிறுவனமும் கொண்டுவந்த லேக்கர் தட்டில் பூச்சியின் பிசின் துளியும் இல்லை. அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. இளக்கம் கொடுக்க ஆமணக்கெண்ணெய். பளபளப்பான பூச்சு எல்லாவற்றுக்கும் லேக்கர் என்ற பெயர் பரவியிருந்ததால் இதற்கும் ஒட்டிக்கொண்டது. வெட்டுகிறவர்கள் இதையே அசிடேட் என்றும் சொல்வார்கள். அசிடேட்டும் அன்று. ஒரு பொருளுக்கு இரண்டு பெயர், இரண்டும் பொய்.

இந்தத் தட்டை வெட்டும் இயந்திரங்கள் இன்று பெரும்பாலும் கிழடுகள். நியூமன் விஎம்எஸ் 80 போன்றவை கைக்கு எட்டா விலை. புதிதாக யாரும் அவற்றைச் செய்வதில்லை. அமெரிக்கப் பொழுதுபோக்காளர் பலர் கை வைப்பது பிரெஸ்டோ 6என் மேல். வானொலி நிலையங்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த 16 அங்குல மேசை. தட்டுக்குக் குறுக்கே மேலே ஒரு திருகுத்தண்டு; சுழல் அச்சிலிருந்து பற்சக்கரம் அதைச் சுற்றுகிறது; தண்டு சுற்றச் சுற்ற வெட்டுத்தலை தட்டின் குறுக்கே நகர்கிறது. கோயம்புத்தூர் லேத்துப் பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில் லீடு ஸ்க்ரூ என்பார். இந்த இயந்திரத்துக்கு ஒலிச்செதுக்கி, ஒலிவரைவி என்றெல்லாம் புதுச்சொல் கட்டுகிறவர்கள் பட்டறைப் பக்கம் போனதில்லை. கடைசல் என்ற சொல் இருக்கும்போது இவை எதற்கு?

சிக்கல் அந்தத் திருகுத்தண்டில்தான். அது 78 சுற்றுத் தட்டின் அகலப் பள்ளத்துக்கு வெட்டப்பட்டது. அங்குலத்துக்கு 112 வரி என்று வையுங்கள். 12 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று அங்குலம் இடம் கிடைத்தால் 336 சுற்று. 33⅓ சுற்று வேகத்தில் பத்து நிமிடம், பாட்டு முடிந்தது. 1948இல் கொலம்பியா கொண்டுவந்த நுண்பள்ள எல்பிக்கு அங்குலத்துக்கு இருநூறும் அதற்கு மேலும் வேண்டும். எனவே தண்டை அச்சிலிருந்து கழற்றிவிட்டுத் தனியே ஒரு ஸ்டெப்பர் மோட்டார் மாட்டுகிறார்கள். அதில் இன்னொரு ஆதாயம்: தாழ்குரல் ஓங்கும் இடத்தில் வரிகளைத் தள்ளிப் போடலாம், அடங்கும் இடத்தில் நெருக்கலாம். பழைய தண்டுக்கு அந்த விவரம் தெரியாது.

அடுத்தது தலை. பழைய தலைக்கு ஒற்றை ஒலி மட்டும்தான். பக்கவாட்டில் ஆடும், அவ்வளவே. உள்ளே அதிர்வை அடக்க வைத்த ரப்பர் இத்தனை ஆண்டில் கல்லாகியிருக்கும். வெஸ்ட்ரெக்ஸ் 1957இல் காட்டிய 45 பாகைச் சரிவு முறைக்குப் பிறகுதான் ஒரே பள்ளத்தின் இரு சுவரிலும் இரண்டு ஒலி ஏறியது. அந்த மாதிரி ஸ்டீரியோ தலையை ஏற்றினால் எடை மாறும். எடை மாறினால் பள்ளத்தின் ஆழம் மாறும். ஆகவே தாங்க ஒரு வில், துள்ளலை அடக்க எண்ணெய் ஊற்றிய சிறு குடுவை. நீலக்கல் ஊசியைச் சுற்றி மயிரிழைபோல நிக்ரோம் கம்பி. அதில் மின்சாரம் விட்டு ஊசியைச் சூடாக்கினால் பள்ளத்தின் சுவர் வழவழப்பாக வரும், இரைச்சல் குறையும். மேசையின் உறுமல் தீரவில்லையென்றால் சிலர் மேசையையே தள்ளிவிட்டு, நேரடி மோட்டார் கொண்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-1200மேல் வெட்டுக்கையை ஏற்றிவிடுகிறார்கள்.

ஊசியின் பின்னாலேயே ஓர் உறிஞ்சு குழாய் போகும். வெட்டும்போது எழும் கரிய இழை, தச்சர் இழைப்புளியில் சுருண்டு வரும் சீவல் மாதிரி. இதற்கும் சீவல் என்றே சொல்லலாம். சீவு என்ற வினை கச்சிதமாகப் பொருந்துகிறது. உறிஞ்சாமல் விட்டால் ஊசியில் சிக்கித் தட்டைக் கெடுக்கும். பழைய நைட்ரேட் படச்சுருளின் இனம் ஆதலால் நெருப்பைக் கண்டால் குபீரென்று பற்றிக்கொள்ளும்.

நெருப்பு என்றதும் கலித்தொகை 25ஆம் பாட்டு நினைவுக்கு வருகிறது. சூழ்ந்த காட்டுத்தீயிலிருந்து களிறு தன் இனத்தை மீட்பதற்கு, எரியும் அரக்கு இல்லத்திலிருந்து வீமன் உடன்பிறந்தாரை மீட்டது உவமை. அரக்கென்றால் எரிவது என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது. 2020 பிப்ரவரி 6 அன்று கலிபோர்னியாவின் பேனிங் ஊரில் அப்பல்லோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிந்தது. உலகில் லேக்கர் தட்டுச் செய்த இரண்டே பெரிய ஆலைகளில் அது ஒன்று. மற்றது ஜப்பானில் எம்டிசி. அதன்பிறகு செம்புத் தகட்டில் நேரே வெட்டும் 1980களின் டெல்டெக் முறைக்கும், பாலிகார்பனேட் தட்டில் ஒவ்வொன்றாக வெட்டித் தருவதற்கும் கிராக்கி கூடியது. மாற்றுத் தட்டு தேடுவது புதிதன்று. லெனின்கிராடில் போருக்குப் பின் ருஸ்லான் பொகஸ்லோவ்ஸ்கி ஜெர்மானிய டெலிஃபுங்கன் இயந்திரத்தைப் பார்த்துத் தானே ஒன்று செய்து, ஆஸ்பத்திரி எக்ஸ்ரே படத்தாளில் தடைசெய்யப்பட்ட பாட்டுகளை வெட்டினார். அந்தத் தட்டுகளை ரஷ்யர்கள் விலா எலும்பு என்றார்கள். பெயரிடத் தெரிந்தவர்கள்.

லேக்கர் தட்டைத் தமிழில் என்ன சொல்வது? அரக்கில்லாத தட்டை அரக்குத்தட்டு என்பது பிழை என்று வேதியியல் படித்த நண்பர்கள் மறுப்பார்கள். மெருகுத்தட்டு, பூச்சுத்தட்டு என்பார்கள். நகைக்கடையில் அரக்குக் கழிவு என்று எடை குறைக்கிறார்களே, உள்ளே அடைத்திருப்பது பூச்சியின் பிசின்தானா என்று எந்தத் தட்டாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பட்டுக்கடையின் அரக்கு கலரிலும் அரக்கு இல்லை. அப்படியிருக்க, தட்டுக்கு மட்டும் என்ன தனிச்சட்டம்? அரக்குத்தட்டு என்றே எழுதுவேன். இலட்சத்தட்டு என்று எவராவது கிளம்பினால் அவரே உட்கார்ந்து பூச்சியை எண்ணட்டும்.