டிஜிட்டல் கேபிளுக்கு மாறுதல்: தமிழ்நாட்டு வீடுகளின் ஆயத்தம்

தமிழ்நாட்டு வீடுகளில் அனலாக் தொலைக்காட்சி டிஜிட்டலாக மாறியது பெரும்பாலும் கேபிள் வழியாகத்தான். மொட்டைமாடி ஆன்டெனாவில் படம் பார்த்த நாடுகளில் ஒளிபரப்புக் கோபுரமே மாற வேண்டியிருந்தது. இங்கே 1990களிலேயே ஆன்டெனாக்கள் இறங்கி, தெருத்தெருவாகக் கேபிள் வந்துவிட்டது. ஆகவே மாற்றம் என்பது, கேபிள்காரர் இழுத்துக்கொடுத்த வயருக்கும் டிவிக்கும் நடுவே ஒரு செட்டாப் பாக்ஸ் வந்து உட்காருவதாக அமைந்தது. கேட்க எளிதாக இருந்தாலும், வீட்டில் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் பல.

முதல் முயற்சி 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்த சி.ஏ.எஸ். முறை. கட்டணச் சேனல்களுக்கு மட்டும் பெட்டி வேண்டும். மற்றவற்றைப் பழையபடி நேராகப் பார்க்கலாம் என்பது அதன் ஏற்பாடு. பெட்டி வாங்காமலே பல வீடுகள் காலம் கடத்த அதுவே இடங்கொடுத்தது. 2011இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்த இடைவழி மூடப்பட்டது. எந்தச் சேனலானாலும் பெட்டி வழியாகத்தான் வர வேண்டும் என்றாகி, நாடு நான்கு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31, கோயம்புத்தூர் உள்ளிட்ட 38 நகரங்களுக்கு 2013 மார்ச் 31, மற்ற நகர்ப்புறங்களுக்கு 2015 டிசம்பர் 31, எஞ்சிய ஊர்களுக்கு நீட்டிப்புக்குப் பின் 2017 மார்ச் 31 எனக் கெடு வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் கெடு ஒன்றாகவும் நடப்பு வேறாகவும் இருந்தன. சென்னையில் வழக்குகள் நடந்ததால் கெடுவுக்குப் பின்னும் அனலாக் ஓடிக்கொண்டிருந்தது. 2011 முதல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்துவந்த தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் இலவச செட்டாப் பாக்ஸ் வழங்கத் தொடங்கியது. கெடு மாறிக்கொண்டே இருந்ததால், “இப்போது பெட்டி வாங்கலாமா, பொறுக்கலாமா” என்ற கேள்விக்குப் பல வீடுகளில் நெடுநாள் விடை கிடைக்கவில்லை. நாளைத் தெளிவாகச் சொல்லாத நிர்வாகம் மக்களை ஆயத்தப்படுத்த முடியாது என்பதற்கு இந்த ஐந்தாண்டுகளே சான்று.

அரசு சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று இடநெருக்கடி: ஒரு அனலாக் சேனல் அடைத்துக்கொள்ளும் அலைவரிசைக்குள் பத்துக்கும் மேற்பட்ட டிஜிட்டல் சேனல்களைச் சுருக்கி அனுப்பலாம். மற்றொன்று கணக்கு: அனலாக்கில் எத்தனை வீடுகளுக்கு இணைப்பு உண்டு என்பதற்கு ஆபரேட்டர் சொல்வதுதான் எண்ணிக்கை, பெட்டிக்கு எண் உண்டு என்பதால் வீடு கணக்கில் வந்துவிடும்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது டிவியின் பின்புறம். புது டிவி வாங்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அது தேவையற்ற செலவு. மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் உள்ள பழைய பெரிய டிவியே போதும். மஞ்சளில் படம், மற்ற இரண்டில் ஒலி. ஒலிக்கு ஒரே துளை உள்ள டிவியானால் வெள்ளையைச் செருகினால் போதும். எல்.இ.டி. டிவிக்கு எச்.டி.எம்.ஐ. வயர். ஆன்டெனாத் துளை மட்டுமே உள்ள மிகப் பழைய டிவிகளுக்கும் கறுப்பு வெள்ளை டிவிக்கும் மாடுலேட்டர் என்ற சிறு கருவியோ, அந்த வசதி உள்ளேயே அமைந்த செட்டாப் பாக்ஸோ வேண்டும்.

அடுத்தது, வீட்டில் எத்தனை டிவி என்பது. அனலாக் காலத்தில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு வரவேற்பறைக்கும் பாட்டி அறைக்கும் வயரைப் பிரித்துவிடுவார்கள். இரண்டிலும் வேறு வேறு சேனல் ஓடும். டிஜிட்டலில் பெட்டிதான் சேனலைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரே பெட்டியிலிருந்து இரண்டு டிவிக்கு வயர் இழுத்தால் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். தனித்தனியாகப் பார்க்கத் தனித்தனிப் பெட்டி வேண்டும். மேலிருந்து தீட்டிய திட்டங்கள் ஒரு வீட்டுக்கு ஒரு டிவி என்றே எண்ணின. கூட்டுக்குடும்பங்களிலும், மாடியில் மகன் குடும்பம் இருக்கும் வீடுகளிலும் சுமை கூடியது இதனால்தான்.

வயரையும் சோதிக்க வேண்டும். அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி விழும், பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். டிஜிட்டலில் ஓர் அளவு வரை படம் துல்லியமாக இருக்கும். அதற்குக் கீழே போனால் சதுரம் சதுரமாக உடைந்து, உறைந்து, நின்றுவிடும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, மழையில் துருப்பிடித்த கனெக்டர், தேவையில்லாத ஸ்ப்ளிட்டர் ஆகியவைதான் பெரும்பாலும் காரணம். பெட்டியைக் குறை சொல்லும் முன் இவற்றை மாற்றச் சொல்வது நல்லது. பெட்டிக்குத் தனி மின்செருகு துளை வேண்டும். டிவி மேல் துணி விரித்து மூடும் வழக்கமுள்ள வீடுகளில் சூடு வெளியேற வழிவிட்டு அதை வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஆயத்தம் தேவைப்பட்டது ரிமோட் விஷயத்தில். ஒன்று இருந்த இடத்தில் இரண்டாயிற்று: டிவியை இயக்க ஒன்று, சேனல் மாற்ற மற்றொன்று. டிவி ரிமோட்டில் கை தவறி எதையாவது அழுத்தினால் டிவி, பெட்டியின் படத்தைக் காட்டும் ஏ.வி. நிலையிலிருந்து விலகிவிடும். திரை நீலமாகும், அல்லது சிக்னல் இல்லை என்று காட்டும். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும், படம் இருக்காது. பகலில் தனியாக இருக்கும் முதியவர்கள் மாலையில் யாராவது வரும் வரை காத்திருந்ததற்கு இந்தச் சிறு கோளாறுதான் காரணம். டிவி ரிமோட்டில் மூலத்தை (சோர்ஸ்) மாற்றும் பொத்தானுக்கு வண்ணக் காகிதம் ஒட்டிக் காட்டுவது, அடிக்கடி பார்க்கும் நாலைந்து சேனல்களின் புது எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவது ஆகியவை பயன் தரும். ஏனெனில் பழைய சேனல் எண்கள் ஒன்றுகூட அப்படியே வருவதில்லை. மூன்று இலக்க எண்கள் வந்துவிடுகின்றன.

ஆவண வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெயர், முகவரியுடன் விண்ணப்பப் படிவம் நிரப்பி அதன் படியை வாங்கி வைக்க வேண்டும். பெட்டி சொந்தமா, வாடகையா, தவணையா, திருப்பித் தர வேண்டியதா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம். பெட்டியின் எண்ணையும் விசி (வியூவிங் கார்டு) எண்ணையும் குறித்துவைத்தால் புகார் செய்ய எளிது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 பிப்ரவரி 1 முதல் நடப்புக்குக் கொண்டுவந்த கட்டண முறையில், அப்போது முதல் 100 சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் 130 ரூபாயாக இருந்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு. கட்டணச் சேனல்களுக்குத் தனிப் பணம். 70 ரூபாய் கொடுத்துப் பழகிய வீடுகளுக்கு இது பெரிய ஏற்றமாக இருந்தது. வேண்டிய சேனல்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதே முறையில்தான் வந்தது. அதைப் பயன்படுத்தாமல் ஆபரேட்டர் கொடுக்கும் தொகுப்பை வாங்குவதே பெருவழக்காக உள்ளது.

மாதக் கட்டணம் கட்ட இயலாதவர்களுக்குத் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் உண்டு. சிறு டிஷ்ஷுக்கும் பெட்டிக்கும் ஒருமுறை செலவு செய்தால் போதும். தூர்தர்ஷனின் அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவை 2022 மார்ச்சுக்குள் மூடப்பட்டுவிட்டதால், பழைய ஆன்டெனாவைத் திரும்ப ஏற்றிப் பயனில்லை.

ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் இணைப்பில் வேலை செய்வதில்லை. வீடு மாறும்போதும் ஆபரேட்டரை மாற்றும்போதும் பெட்டியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் பெட்டிகள் வர வேண்டும் என்று டிராய் 2020 ஏப்ரலில் பரிந்துரைத்தது.